இரவு பதினொன்றுக்கு மேல் சூடாக

லண்டன் லெஸ்டர் ஸ்குவேரில் 2022-ஆம் ஆண்டு கோடையில் கிரெக்ஸ் நிறுவனம் ஒரு பெரிய கடையைத் திறந்தது. பிரிட்டனில் கிரெக்ஸைத் தெரியாதவர் அநேகமாக இல்லை. 1939-ல் நியூகாசில் பக்கம் ஜான் கிரெக் என்பவர் தொடங்கிய வியாபாரம், இன்று 2,000-க்கும் மேற்பட்ட கிளைகளாக நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அரைத்த இறைச்சியை மாவில் சுற்றிச் சுட்ட சாசேஜ் ரோல்தான் அங்கே பிரபலம். லெஸ்டர் ஸ்குவேர் லண்டன்வாசிகள் படம் பார்க்கவும் குடிக்கவும் ஆடவும் கூடுகிற இடம். நள்ளிரவுக்குப் பிறகுதான் அங்கே கூட்டம் பசியோடு தெருவில் இறங்கும். அந்த நேரத்திலும் சூடாக விற்க அனுமதி வேண்டும் என்று கிரெக்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலிடம் விண்ணப்பித்தது. பின்னிரவில் தகராறுகளுக்கும் ஒழுங்கீனத்துக்கும் அந்தக் கடை ஒரு மையமாகிவிடும் என்று போலீஸ் ஆட்சேபித்தது. கவுன்சில் மறுத்துவிட்டது.

கடையைத் திறந்து வைக்கவே கூடாது என்று கவுன்சில் சொல்லவில்லை. ஆறிப்போன சாசேஜ் ரோலையும் டோனட்டையும் சாண்ட்விச்சையும் விடிய விடிய விற்கலாம். அதற்கு இந்த உரிமம் தேவையில்லை. அதே ரோலை அடுப்பிலிருந்து எடுத்துச் சூடாக நீட்டினால் மட்டும் குற்றம். வெளியூர்க்காரருக்கு இது புரியாத விதியாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு கபாப் கடையும், சிக்கன் கடையும், பர்கர் கடையும் இந்த விதியை வைத்துத்தான் தன் இரவைத் திட்டமிடுகிறது.

2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது பத்திரிகைகள் முழுக்க மதுக்கடைகளைப் பற்றியே எழுதின, 24 மணி நேரமும் குடிக்கலாமாம் என்று. அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணை உணவுக் கடைகளைப் பற்றியது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை பொதுமக்களுக்குச் சூடான உணவோ சூடான பானமோ கொடுக்கும் எந்த இடத்துக்கும் உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும், கட்டிக்கொண்டு போனாலும் ஒன்றுதான். சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தைவிடக் கூடுதல் சூட்டில் சாப்பிடுவதற்காக அந்த இடத்திலோ வேறிடத்திலோ சூடாக்கி, அந்தச் சூட்டோடு கொடுப்பதெல்லாம் சூடான உணவு. கடைக்காரர் சூடாக்கத்தான் வேண்டும் என்றுகூட இல்லை. வாங்கியவர் தானே சூடாக்கிக்கொள்ள மூலையில் ஒரு மைக்ரோவேவ் வைத்திருந்தாலும் சட்டம் பொருந்தும்.

காப்பி இயந்திரத்துக்கு ஒரு விலக்கு உண்டு. வாடிக்கையாளர் காசை இயந்திரத்துக்குள்ளேயே போட்டுத் தானே பிடித்துக்கொண்டால் உரிமம் வேண்டாம். காப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து கல்லாவில் பணம் கொடுத்தால் உரிமம் வேண்டும். பின்னிரவு வரை திறந்திருக்கும் மூலைக்கடைகள் பல மாட்டிக்கொள்வது இந்த நுணுக்கத்தில்தான். உரிமமில்லாமல் விற்றது நிரூபணமானால் ஆறு மாதச் சிறை வரை போகலாம். அபராதத்துக்கு மேல்வரம்பு கிடையாது.

இந்தச் சட்டம் லண்டன் தமிழர்களுக்கு நெருக்கமானது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கங்களில் மூலைக்கடையும் உணவகமும் டேக்எவேயும் நடத்தும் இலங்கைத் தமிழர் ஏராளம். தெற்கு லண்டன் இளைஞர்கள் தங்கள் ஊர் அடையாளமாகவே கொண்டாடும் மோர்லீஸ் சிக்கன் கடைகளை 1985-ல் சிடன்ஹாமில் தொடங்கியவரும் இலங்கையிலிருந்து குடியேறியவர்தான். கொத்து ரொட்டிக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கல்லின் மேல் இரண்டு தகடும் மாறி மாறி இறங்கும் தாளம் தெருமுனை வரை கேட்கும். பசியோடு வருகிறவருக்கு அந்தச் சத்தமே அழைப்பு. ஆனால் லண்டன் கடைத்தெருக்களில் பெரும்பாலும் கடைக்கு மேலேயே வீடுகள் இருக்கின்றன. காலை ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் ஒருவர் அந்தக் கல்லுக்கு நேர் மேலே படுத்திருக்கிறார். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு இவர்கள் இருவரில் யார் பக்கம் நியாயம்?

உள்ளூர் கவுன்சிலர்கள் மூவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அதற்கான நடைமுறை எளிய மனிதரும் புரிந்துகொள்ளும்படி அமைந்திருக்கிறது. விண்ணப்பித்த கடைக்காரர் வெளிர்நீலத் தாளில் அச்சடித்த ஓர் அறிவிப்பைத் தெருவில் போகிறவர் படிக்கும்படி கடை முகப்பில் ஒட்ட வேண்டும். என்ன கேட்கிறார், எந்த நாளில் எத்தனை மணி வரை, ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். 28 நாள் அவகாசம். அதற்குள் போலீஸ், தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகள், குழந்தைகள் பாதுகாப்புத் துறை போன்றவை கருத்துச் சொல்லலாம். பொதுமக்களும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். முன்பு பக்கத்தில் குடியிருப்பவரோ தொழில் நடத்துபவரோதான் எழுதலாம் என்றிருந்தது. 2012-ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

யாருமே எழுதவில்லை என்றால் கேட்ட உரிமத்தைக் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. நீலத் தாளைக் கவனிக்காமல் கடந்துபோன தெருக்காரர்கள், அடுத்த மாதம் கடை இரவு மூன்று மணி வரை நடப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான். ஒரே ஒருவர் உரிய காரணத்தோடு எழுதி, அதைத் திரும்பப் பெறாமல் இருந்தால்கூட விசாரணை நடந்தாக வேண்டும்.

விசாரணை நீதிமன்றம் மாதிரி இருக்காது. மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உரிமத் துணைக்குழு, பக்கத்தில் சட்ட ஆலோசகர், விண்ணப்பத்தைச் சுருக்கிச் சொல்லும் உரிம அதிகாரி. எதிரே ஒரு பக்கம் கடைக்காரர், இன்னொரு பக்கம் ஆட்சேபித்தவர்கள். எல்லோருக்கும் சம நேரம். கோவிட் காலத்திலிருந்து பல கவுன்சில்கள் இதை இணையவழியிலும் நடத்துகின்றன. கேள்விகள் நேராக விஷயத்துக்கு வரும். கடை வாசலில் வரிசை நீண்டால் யார் ஒழுங்குபடுத்துவார்கள்? எறிந்துவிட்டுப் போகும் டப்பாக்களைக் கூட்டுவது யார், எத்தனை மணிக்கு? டெலிவரி பையன்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? புகைபோக்கி எந்தச் சன்னலுக்கு நேராக இருக்கிறது?

மூவரும் இஷ்டப்படி முடிவெடுக்க முடியாது. குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கப்படுகின்றனவா, பொதுப் பாதுகாப்பு இருக்கிறதா, பொதுத் தொல்லை வராமல் இருக்குமா, குழந்தைகளுக்குத் தீங்கு நேராதா என்ற நான்கு அளவுகோல்களைச் சட்டம் கொடுத்திருக்கிறது. இந்த நான்குக்குள் வராத காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுபடாது. உடல்நலம் இந்தப் பட்டியலில் இல்லை. பொதுச் சுகாதார இயக்குநருக்கு விசாரணையில் பேச இடமுண்டு. ஆனால் நள்ளிரவில் பொரித்த கோழி தின்றால் ஊர் பருத்துவிடும் என்பதை மட்டும் வைத்து அவர் ஒரு கடையைத் தடுக்க முடியாது. அந்த வாதத்துக்கு இடம் கட்டுமான அனுமதி தரும் திட்டத் துறையில் இருக்கிறது. பள்ளிகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் புதிய துரித உணவுக் கடைகளை மறுக்கும்படி 2024 டிசம்பரில் வெளியான தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது. திட்ட அனுமதி வேறு, உரிமம் வேறு. திட்ட அனுமதியில் இரவு 11 மணியோடு மூட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், உரிமத்தில் 2 மணி என்று இருந்தாலும் பயனில்லை. இரண்டில் எது முன்னதோ அதோடு ஷட்டரை இறக்க வேண்டும்.

பின்னிரவு உணவுக்கடையைப் பார்த்துப் போலீஸ் ஏன் இவ்வளவு பயப்படுகிறது? இரவு விடுதிகள் மூடும்போது குடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். கடை எதுவும் இல்லையென்றால் டாக்சி, பஸ் என்று கலைவார்கள். வெளிச்சமும் வாசனையுமாய் ஒரு கடை திறந்திருந்தால் அங்கே தங்குகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் குறுகிய இடத்தில் தோளுரசி நிற்கிறார்கள். யார் முதலில் வந்தது என்பதில் தொடங்குவது கைகலப்பில் முடிகிறது. கடை இருந்தால் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும் என்ற மறுபக்க வாதத்திலும் உண்மை இருக்கிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் தெருவில் இறக்கிவிட்டால் என்னவாகும் என்பதை 2020 செப்டம்பரில் இங்கிலாந்து கண்ணால் பார்த்தது. கோவிட் கட்டுப்பாட்டுக்காக மதுக்கடைகளும் உணவகங்களும் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பத்து மணி அடித்ததும் நகர மையங்களில் கூட்டம் மொத்தமாக வெளியே வந்து நின்ற காட்சிகள் செய்திகளில் ஓடின.

பயம் ஒன்று, ஆதாரம் வேறொன்று. இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொன்ன தீர்ப்பு 2008-ல் வந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள விர்ரல் (Wirral) பகுதியில் த்வெய்ட்ஸ் நிறுவனத்தின் மதுக்கூடம் ஒன்றுக்குக் கவுன்சில் கூடுதல் நேரம் கொடுத்திருந்தது. அக்கம்பக்கத்தார் மேல்முறையீடு செய்ய, மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பிளாக் அந்த உத்தரவை ரத்து செய்தார். கூடுதல் நேரத்தில் கடை ஏற்கனவே சில காலம் நடந்திருக்கிறது, பதிவான புகார் இல்லை, போலீசுக்கும் ஆட்சேபம் இல்லை. அப்படியிருக்க, தொல்லை வரும் என்ற ஊகத்தின் மேல் மட்டும் நேரத்தை வெட்டியது தவறு என்றார். அன்று முதல் கடைக்காரர்களின் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பு இல்லாமல் விசாரணைக்கு வருவதில்லை.

2011-ல் வந்த மற்றொரு தீர்ப்பு எதிர்த்திசையில் எடை போட்டது. சோஹோ பகுதியில் பெர்விக் தெருவில் ஒரு மதுக்கூடத்தின் வாடிக்கையாளர்கள் கோப்பையோடு தெருவில் நின்று சத்தம் போட்டதால், மாலை 6 மணிக்கு மேல் கோப்பையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் நிபந்தனை போட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நீதிபதி டூல்சன் கவுன்சில் பக்கம் நின்றார். உரிமம் பற்றிய முடிவு, மக்கள் ஒப்படைத்த அதிகாரத்தை வைத்துப் பல தரப்பு நலன்களையும் எடைபோட்டு எடுக்கும் முடிவு. உள்ளூர் கவுன்சிலர்கள் யோசித்துச் சொன்னதை மேல்முறையீட்டில் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் கவுன்சிலர்களுக்குக் கிடைக்கும் பாதை தெளிவு. சுதந்திரமாக முடிவெடுக்கலாம், ஆனால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

ஆதாரம் திரட்டுவதில் உலகுக்கே வழிகாட்டியது வேல்ஸின் தலைநகரான கார்டிஃப். அங்கே கேரலைன் தெரு என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சிப்ஸ் கடைகளும் கபாப் கடைகளுமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் அதைச் சிப்பி லேன் என்றே கூப்பிடுகிறார்கள். ரக்பி ஆட்டம் நடக்கும் நாட்களில் நகர மையத்தின் மொத்தப் பசியும் அங்கேதான் தீர்கிறது. அந்த நகரத்தில் தாடையும் கன்ன எலும்பும் உடைந்து வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் ஜொனாதன் ஷெப்பர்ட். தன்னிடம் வந்த அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் பதிவேட்டில் இல்லவே இல்லை என்பதை அவர் கவனித்தார். அடிபட்டவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பிலேயே எங்கே அடித்தார்கள், எத்தனை மணிக்கு, எதைக்கொண்டு என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பெயரை நீக்கிவிட்டு அந்தக் குறிப்புகளை மாதா மாதம் போலீசுக்கும் கவுன்சிலுக்கும் கொடுத்தார்கள். எந்தத் தெருவில், எந்த வாசலில், எந்த மணிக்குப் பிரச்சினை என்பது வரைபடத்தில் தெரிந்தது. போலீஸ் ரோந்தும் உரிம நிபந்தனைகளும் அதற்கேற்ப மாறின. ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களோடு பார்க்கும்போது கார்டிஃபில் வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர் விகிதம் 42 சதவீதம் குறைந்ததாக 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

ஒரு தெருவையே சந்தேகத்தோடு பார்ப்பதைவிட, அந்தத் தெருவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது எவ்வளவு பயன்தரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. இருந்தும் பெரும்பாலான விசாரணைகளில் மேசைக்கு வருவது சில புகைப்படங்களும், அக்கம்பக்கத்தார் எழுதிவைத்த நாட்குறிப்பும், போலீஸ் அதிகாரியின் அனுபவமும்தான்.

சில இடங்களில் முடிவு விண்ணப்பத்துக்கு முன்பே பாதி எழுதப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஏற்கனவே கடைகள் நிரம்பிவிட்டன, இன்னொன்று வந்தால் தாங்காது என்று ஆதாரத்தோடு கவுன்சில் அறிவிக்க முடியும். 2018 ஏப்ரல் முதல் இதற்குச் சட்ட அந்தஸ்தே உண்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அப்படி அறிவித்த பகுதியில் சுமை விண்ணப்பதாரர் தலையில் ஏறுகிறது. தன் கடையால் நிலைமை மோசமாகாது என்று அவர்தான் காட்ட வேண்டும். லெஸ்டர் ஸ்குவேர் அத்தகைய பகுதிக்குள்தான் வருகிறது. கிரெக்ஸுக்கு உரிமம் மறுக்கப்பட்டதில் வியக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பின் நடந்ததில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது. கிரெக்ஸ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில், 2023 மே மாதம் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. வியாழன், வெள்ளி, சனி இரவுகளில் 2 மணி வரை. மற்ற நாட்களில் நள்ளிரவு 12 வரை சூடாக விற்கலாம். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, மறுத்ததும் முழுக்க நிற்கவில்லை. நடுநிலையான முடிவு என்றே சொல்லலாம். ஆனால் இந்த நடுநிலைக்கு வந்து சேர ஒரு தேசிய நிறுவனத்தின் பணபலம் தேவைப்பட்டது. அதே நிலையில் ஒற்றைக் கடை வைத்திருப்பவர் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்து, வழக்கறிஞர் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து கவுன்சிலை உடன்பாட்டு மேசைக்கு வரவழைத்திருக்க முடியுமா? தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம் என்ற பயமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

விண்ணப்பக் கட்டணம் பெரிதல்ல. கட்டடத்தின் வரிமதிப்பைப் பொறுத்து 100 பவுண்டிலிருந்து 635 பவுண்டு வரை; 2005-ல் வைத்த தொகை, இன்றுவரை உயரவில்லை. செலவு வேறு இடங்களில் இருக்கிறது. பதிவை 31 நாள் வைத்திருக்கும் கண்காணிப்புக் கேமரா, வார இறுதி இரவுகளில் வாசலில் உரிமம் பெற்ற காவலர், சம்பவப் பதிவேடு, கடையைச் சுற்றிக் குப்பை பொறுக்க ஆள், ஒலியும் நெடியும் அடங்கிய புகைபோக்கி. நன்றாக நடத்துவேன் என்று வாயால் சொல்வதை எந்தத் துணைக்குழுவும் ஏற்பதில்லை. இதையெல்லாம் நிபந்தனையாக எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம்தான் பிழைக்கிறது. பெரிய நிறுவனங்களிடம் இதற்கு அச்சடித்த படிவமே தயாராக இருக்கும். கடை திறந்த பின் தொல்லை வந்தாலும் வழியுண்டு. வட வேல்ஸின் ரெக்ஸம் நகரில் மெக்டொனால்ட்ஸ் கடையில் இளைஞர் கூட்டம் தொல்லையானபோது, போலீஸ் யோசனைப்படி மாலையில் வைஃபையை நிறுத்திவிட்டுச் சாஸ்திரிய இசையை ஒலிக்கவிட்டார்கள். இது 2023 ஜனவரியில். உரிமத்தைப் பறிப்பதற்கு முன்னால் முயன்று பார்க்க எத்தனையோ வழிகள் உண்டு.

ஆட்சேபிக்கிறவர் பக்கமும் சுலபமானதல்ல. அவர் எழுதும் கடிதம் பொதுவாகப் பெயர் முகவரியோடு கடைக்காரர் கைக்குப் போகும். விதிவிலக்கான சூழ்நிலையில்தான் மறைப்பார்கள். தினமும் அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போக வேண்டியவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள், வாடகை வீட்டில் ஆறு மாதம் மட்டும் இருப்பவர்கள், வேலை நாளில் பகல் விசாரணைக்கு விடுப்பு கிடைக்காதவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. சொந்த வீட்டுக்காரர்களின் சங்கம் இருக்கும் தெருவில் அமைதி கிடைக்கிறது. சங்கம் இல்லாத தெருவில் கடைகள் குவிகின்றன.

இவர்களையெல்லாம்விட அதிகமாகக் காணாமல் போகிறவர், அந்த நேரத்தில் உண்மையிலேயே சாப்பாடு தேவைப்படுகிறவர். மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வேலை பார்ப்பவர்கள் லண்டனில் சுமார் 16 லட்சம் பேர் என்று நகர நிர்வாகம் 2018-ல் கணக்கிட்டது. நகரத்தின் உழைப்பாளிகளில் மூன்றில் ஒருவர். நர்சுகள், பஸ் ஓட்டுநர்கள், அலுவலகத் தரையைத் துடைப்பவர்கள், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்கள், விடிகாலைச் சந்தைக்காரர்கள். 2016 ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் சுரங்க ரயிலும் விடிய விடிய ஓடுகிறது. இவர்களை வேலைக்கு அழைத்துப் போக ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. இரண்டு மணிக்கு ஒரு கோப்பை சூப்போ ஒரு பிடி சூடான சோறோ கிடைப்பது கவுன்சிலர்கள் கையில் இருக்கிறது.

ஆனால் சட்டத்தில் இவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை. ஒரு பகுதிக்கு இன்னொரு உணவகம் தேவையா என்பது சந்தையும் திட்டத் துறையும் பார்க்க வேண்டியது, உரிமக் குழு பார்க்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. கடைக்கு ஆதரவாக யார் வேண்டுமானாலும் எழுதலாம்தான். ஆனால் அதுவும் அந்த நான்கு அளவுகோல்களுக்குள் வர வேண்டும். இரவுப் பணி முடித்து வரும் நர்ஸ், எனக்குப் பசிக்கிறது, அந்தத் தெருவில் வேறு கடை இல்லை என்று எழுதினால் அது கோப்பில் சேரும், தீர்ப்பில் எடை பெறாது. அந்த வெளிச்சமான கடை இருப்பதால் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கப் பயமில்லை என்று எழுதினால் எடை பெறலாம், ஏனென்றால் அது குற்றத் தடுப்புக்குள் வருகிறது. இந்தச் சூட்சுமத்தை அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இதைக் குறை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தெரு வீடுகளில் தூங்குகிறவர்களின் உரிமையைக் காக்கச் சட்டம் கவனமாக வழி செய்திருக்கிறது. அதே தெருவில் விழித்திருந்து ஊரை நடத்துகிறவர்களை அது வாடிக்கையாளர் என்றுகூடப் பார்ப்பதில்லை. ஏற்படக்கூடிய தொல்லையின் பகுதியாகவே பார்க்கிறது. விடுதியிலிருந்து தள்ளாடி வருகிறவரும் வார்டிலிருந்து கால் கடுத்து வருகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்காக இருவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வளைந்து கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லாமலில்லை. 2015-ல் வந்த திருத்தத்தின்படி, குறிப்பிட்ட பகுதியையோ நேரத்தையோ, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், நெடுஞ்சாலை ஓய்விடம் போன்ற வகைகளையோ உரிமத் தேவையிலிருந்தே விலக்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு உண்டு. டெலிவரி பெருகிய பிறகு இன்னொரு வழியும் பரவியிருக்கிறது. 11 மணிக்கு மேல் கதவைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, ஆர்டருக்கு மட்டும் சமைக்கலாம் என்ற நிபந்தனை. வாசலில் கூட்டம் சேராது. ஆனால் வண்டிகளின் இரைச்சல் சேரும் என்பதால், ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மின்சைக்கிளில்தான் வர வேண்டும் என்றெல்லாம் கூடவே எழுதுகிறார்கள். மேல்மாடிக்காரருக்கும் சமையல்காரருக்கும் இது பெரும்பாலும் ஒத்துவருகிறது. நடந்துபோகும் இரவுப் பணியாளருக்கு மட்டும் கதவு மூடியிருக்கும்.

மேலிருந்தும் அழுத்தம் வருகிறது. இரவுப் பொருளாதாரத்துக்குக் கவுன்சில்கள் முட்டுக்கட்டை போடுகின்றன என்ற புகாரை அடுத்து, முக்கியமான உரிம விண்ணப்பங்களில் லண்டன் மேயர் தலையிட அதிகாரம் தரப்போவதாக 2025-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. வியாபார அமைப்புகள் வரவேற்றன. சோஹோ மாதிரிப் பகுதிகளின் குடியிருப்போருக்குக் கவலை. அந்தக் கவலையில் நியாயமுண்டு. நீலத் தாளைப் படித்துவிட்டுத் தன் கவுன்சிலர் எதிரில் போய்ப் பேச முடிவதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். மாநகரம் முழுவதற்கும் பொறுப்பான ஓர் அலுவலகத்தில் அந்த நெருக்கம் இருக்காது.

பலமும் குறையும் தீர்மானமாகும் இடம் வேறொன்று இருக்கிறது, அதை அதிகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் உரிமக் கொள்கையைப் புதிதாக வெளியிட வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை மணி வரை வழக்கமாக அனுமதிப்போம், எந்தப் பகுதியில் மறுப்போம் என்பதெல்லாம் அதில் எழுதப்படுகிறது. வரைவு நிலையில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்த வரைவைக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பதோடு நிறுத்தாமல், பஸ் டிப்போவின் ஓய்வறைக்கும், மருத்துவமனையின் இரவுப் பணியாளர்களிடமும், துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திடமும், கடைத்தெருவில் தமிழிலும் வங்காள மொழியிலும் துருக்கிய மொழியிலும் கொண்டுபோகத் தடை எதுவும் கிடையாது. கொத்து ரொட்டிக் கடைக்காரரும் அவர் மாடியில் தூங்குகிறவரும் எழுத வேண்டியதும் அப்போதுதான். தனி விண்ணப்பம் துணைக்குழு முன் வரும் நாளில், அந்தத் தெருவுக்கான மணி பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.